லண்டனிலிருந்து பாரிஸ்: பிளேனா, ரயிலா? எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்று முதலில் சொல்லுங்கள்

ஹீத்ரோவிலிருந்து சார்ல் து கோல் விமான நிலையம் நேர்கோட்டில் 347 கிலோமீட்டர். டிக்கெட்டில் போடும் பயண நேரம் கூடக்குறைய ஒரு மணி இருபது நிமிடம். ரயில் பாதையோ 492 கிலோமீட்டர், யூரோஸ்டாரில் இரண்டே கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு "பிளேன்தானே கெதி" என்று டிக்கெட் போட்டு, சித்தி சமைத்து வைத்த சோறு ஆறிப்போன பிறகு வீட்டுப் படியேறியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர்.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேர் நெருங்கும்போது இதே கேள்வி வரும். எதில் போவது? நான் பிளேன், ரயில், பஸ், கார் நான்கிலும் போயிருக்கிறேன். நான் இருப்பது வடமேற்கு லண்டனில் ஹாரோ, சித்தி இருப்பது பாரிஸின் வடகிழக்குப் புறநகரான ஒல்னே. இந்த இரண்டு ஊரையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஊரைப் போட்டு மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த ஒரு மணி இருபது நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம். விமானம் உண்மையில் வானத்தில் இருப்பது முக்கால் மணித்தியாலம், அதற்குக் கொஞ்சம் கூட. மேலே ஏறி முடிந்து தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். மிச்ச நேரமெல்லாம் தரையில். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதை, காலையில் வரிசையில் நின்றுதான் மேலே ஏற முடியும். சார்ல் து கோலில் ஓடுபாதை நான்கு, வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு. பெரும்பாலும் வெளிப்பக்கப் பாதையில் இறக்கி, உள்பக்கப் பாதையைக் கடந்து டெர்மினலுக்குக் கொண்டுவருவார்கள். இறங்கிவிட்டோம் என்று போனை எடுத்துச் சித்திக்குச் செய்தி போட்ட பிறகும் பஸ்ஸில் போவது போலப் பத்து நிமிடம் உருண்டுகொண்டே இருக்கும். திரும்பி வரும்போது இன்னொன்று இருக்கிறது. ஹீத்ரோவில் நெரிசல் என்றால் தென்கிழக்கு லண்டனில் பிக்கின் ஹில் பக்கம் விமானங்களை வட்டமடிக்க விடுவார்கள். ஜன்னலில் அதே வயல், அதே வீதி இரண்டு தடவை வரும். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் தெரிந்துதான் நேரம் போடுகின்றன, அதனால் 347 கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது என்பது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அது வாசலிலிருந்து வாசலுக்கு எடுக்கும் நேரம் இல்லவே இல்லை.

அட்டவணையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பாரிஸ் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முன்னால். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் 10.20-க்குப் பதிலாக 11.20-க்குப் போய்ச் சேருவதாகத் தெரியும். திரும்பி வரும்போது 6 மணிக்குப் புறப்பட்டு 6.20-க்கு லண்டனில் நிற்பீர்கள். சித்தி ஒரு முறை என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கயிருந்து வரேக்க ரெண்டரை மணித்தியாலம், இஞ்சயிருந்து போகேக்க இருவது நிமிஷமோ? அதெப்பிடி பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரயில் டிக்கெட்டிலும் இதே கதைதான், ஆகவே நேரத்தை ஒப்பிடும்போது போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். எல்லாவற்றையும் லண்டன் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, என் வீட்டுக் கணக்கு. ஹாரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு எஸ்எல்9 பஸ் நேராகப் போகும், ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வைக்கிறேன். டெர்மினல் 2, 3 இருக்கும் இடத்தில் இறக்கிவிடும், மற்ற டெர்மினலுக்கு அங்கிருந்து இன்னொரு ரயில் மாற வேண்டும், அதற்குக் காசில்லை. விமானத்துக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் முன்னால் அங்கே நிற்பேன். பிறகு அந்த ஒரு மணி இருபது. இறங்கி நடந்து, கடவுச்சீட்டு வரிசையில் நின்று, பெட்டி போட்டிருந்தால் அதற்கும் நின்று, வெளியே வர ஐம்பது நிமிடம். ஆர்ஈஆர் பி என்ற பாரிஸ் புறநகர் ரயில் ஏறி ஒல்னேயில் இறங்கக் காத்திருக்கும் நேரத்தோடு அரை மணித்தியாலம் போதும், ஏனென்றால் ஒல்னே விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மொத்தம் கிட்டத்தட்ட ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம்.

இப்போது ரயில். ஹாரோ-ஆன்-த-ஹில்லில் மெட்ரோபொலிட்டன் லைன் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ், பக்கத்திலேயே யூரோஸ்டார் புறப்படும் செயின்ட் பங்க்ரஸ். வீட்டிலிருந்து முக்கால் மணித்தியாலம். ஒன்றே கால் மணித்தியாலம் முன்னால் போய்ச் சேருவேன், பாதுகாப்புச் சோதனையும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் அங்கேயே முடிந்துவிடும். ரயிலில் இரண்டு மணி இருபது. பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் யாரும் எதையும் கேட்பதில்லை, மேடையிலிருந்து நேரே வெளியே. அங்கிருந்து அதே ஆர்ஈஆர் பி, எதிர்த் திசையில், நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டால் ஒல்னே. மொத்தம் ஐந்து மணித்தியாலம், ஐந்து பத்து நிமிடத்தைப் பார்த்து யாரும் சண்டை பிடிக்கப் போவதில்லை. அதாவது ஹீத்ரோவுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டிலிருந்து, சார்ல் து கோலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டுக்குப் போகும்போதும் பிளேன் வெல்லவில்லை. ஏறக்குறைய சமமாக வந்தது, அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மச்சாளுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அவர் வீட்டருகில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஏறினால் நேரே கிங்ஸ் கிராஸ். ஹீத்ரோவுக்கோ லண்டனின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போக வேண்டும். எலிசபெத் லைன் 2022-இல் வந்த பிறகு அந்தப் பாடு குறைந்தது உண்மை, ஆனாலும் தூரம் தூரம்தான். டூட்டிங் ஆட்களும் நோர்தர்ன் லைனில் மாறாமல் கிங்ஸ் கிராஸ் வந்துவிடலாம். போய் இறங்கும் இடம் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் என்றால் சொல்லவே வேண்டாம். கார் து நோரிலிருந்து நடந்தே போகிற தூரம். விமானத்தில் வந்தால் இன்னும் முக்கால் மணித்தியாலப் பயணமும் விமான நிலையச் சீட்டும் பாக்கி இருக்கும். 2025 தொடக்கத்தில் அந்தச் சீட்டு 13 யூரோ ஆனது, ஒல்னேயில் பாதி வழியில் இறங்கினாலும் அதே காசுதான். நாலு பேர் குடும்பம் போக வர எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரி விமானச் சேவை தொடங்கியது 1919 ஆகஸ்ட் 25-ஆம் தேதி. புறப்பட்டது ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து, இன்றைய ஹீத்ரோவுக்குக் கிட்ட. இறங்கியது லெ புர்ஜே, சித்தி வீட்டுக்குப் போகும் அதே ஆர்ஈஆர் பி பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. ஒரே ஒரு பயணி, எடுத்த நேரம் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். நூறு வருடத்துக்கு மேலாகி, மரச்சட்டமும் துணியுமாக இருந்த விமானம் போய் ஜெட் வந்து நமக்கு மிச்சம் பிடித்துத் தந்தது ஒரு மணித்தியாலம் சொச்சம். பாதுகாப்புச் சோதனையும் வரிசையும் அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. ரயில் பக்கம் பாருங்கள். 1994 நவம்பரில் யூரோஸ்டார் வாட்டர்லூவிலிருந்து ஓடத் தொடங்கியபோது பாரிஸுக்கு மூன்று மணித்தியாலம். 2007-இல் புது அதிவேகப் பாதை முழுதாகத் திறந்து செயின்ட் பங்க்ரஸுக்கு மாறிய பிறகு இரண்டே கால். கடலுக்கடியில் போகும் சுரங்கம் ஐம்பது கிலோமீட்டர், அதற்குள் வேகத்தைக் குறைத்து 160-இல் ஓட்டுகிறார்கள், பிரான்ஸ் பக்கம் ஏறியதும் 300. பிள்ளைகளுக்குக் கடலுக்கடியில் மீன் தெரியும் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். இருபது நிமிட இருட்டு, வேறொன்றும் இல்லை, என் மருமகன் டோவர் பக்கம் தொடங்கி கலே வரைக்கும் அழுதான்.

நேரத்தைவிடப் பெரிய விஷயம் என்று நான் நினைப்பது எல்லைச் சோதனை எங்கே நடக்கிறது என்பது. பிரெஞ்சுக் குடிவரவு அதிகாரி செயின்ட் பங்க்ரஸிலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா குத்திப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. அம்மா இலங்கைக் கடவுச்சீட்டோடு முதல் தடவை வந்தபோது, தங்குமிடக் கடிதத்தில் ஏதோ சந்தேகம் என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவின் கை நடுங்கியது. அப்போதும் நாங்கள் லண்டனில்தான் நின்றுகொண்டிருந்தோம், ஆகக்கூடினால் டியூப் ஏறி வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்று அவர் காதில் சொன்னேன். இதே கேள்வியை சார்ல் து கோலில் கேட்டிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால் விசாவில் வரும் பெற்றோரைக் கூட்டிப் போவதென்றால், விலை கூடினாலும் ரயில்தான் என்பேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் புது முறை வந்து, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்கு முகப்படமும் கைரேகையும் எடுக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. செயின்ட் பங்க்ரஸ் காத்திருப்புக் கூடம் ஏற்கெனவே சின்னது, இரண்டு ரயில் அடுத்தடுத்துப் போகிற நேரத்தில் நிற்க இடமிருக்காது, அதனால் ரயில்காரர் சொல்லும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். எதிர்ப்பக்கம், சித்தி பிள்ளைகள் போல பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் லண்டன் வருபவர்களுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து முன் அனுமதி வேண்டும். பிளேனோ ரயிலோ, அது இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்தது பெட்டி. நம் ஆட்கள் பாரிஸ் போவது வெறுங்கையோடு திரும்புவதற்கு இல்லையே. லாச்சப்பலில் ஒரு கடை வாசலில் வல்லாரைக் கட்டு, முருங்கைக்காய், ராசவள்ளிக் கிழங்கு, உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் சுடச்சுட ரோல்ஸ், எங்கோ கொத்துரொட்டித் தகட்டின் சத்தம். வாங்காமல் வர முடியாது. ரயிலில் சாதாரண வகுப்பிலேயே ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. நிறுத்துப் பார்ப்பதில்லை, உங்களால் தூக்க முடிந்தால் சரி. நூறு மில்லிலீட்டர் கட்டுப்பாடும் இல்லை, அதனால் நல்லெண்ணெய்ப் போத்தலும் ஊறுகாயும் கையோடு வரும். மலிவு விமானத்தில் இலவசமாக விடுவது இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பை மட்டும். ஈஸிஜெட்டில் அதன் அளவு 45க்கு 36க்கு 20 சென்டிமீட்டர், அதற்குள் இரண்டு சேலையும் ஒரு மாற்றுடுப்பும் வைத்தால் முடிந்தது. பெட்டிக்குக் காசு கட்டிய பிறகு அந்த மலிவு விலை எங்கே போய் நிற்கிறது என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பிளேனுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கத்தி வாங்குகிறீர்கள் என்றால் யூரோஸ்டாரில் சமையலறைக் கத்தியைக்கூட விட மாட்டார்கள், விமானத்தில் பொதிப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். மச்சாள் நல்ல மீன் வெட்டும் கத்தி ஒன்றை கார் து நோரில் பறிகொடுத்துவிட்டு வந்தார்.

ரோல்ஸ் விஷயம் எதில் வந்தாலும் ஒன்றுதான். 2025 ஏப்ரல் 12-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால் பொருள்கள் எதையும் சொந்தப் பாவனைக்குக்கூட பிரித்தானியாவுக்குள் கொண்டுவரத் தடை, கோமாரி நோய் பரவும் பயத்தில். மட்டன் ரோல்ஸும் பால்கோவாவும் அதற்குள் அடங்கும். பிடிபட்டால் அபராதம் பெரிய தொகைக்குப் போகலாம். இங்கிருந்து போகும்போது அம்மா கட்டித்தரும் இறைச்சிக் கறிக்கும் அந்தப் பக்கம் தடைதான், அது பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2021-இலிருந்தே. எண்ணெய் ஊறிய கடதாசிப் பையோடு ரயில் ஏறுவதைவிட, கார் து நோருக்குள் நுழைய முன்னமே நின்று சாப்பிட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

விலை பற்றி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாது, நாளுக்கு நாள் மாறுகிறது. இரண்டு மூன்று மாதம் முன்னால் பார்த்தால் ரயில் ஒரு வழி ஐம்பது பவுணுக்குக் கீழேயே கிடைக்கும். தேர் வார இறுதிக்குக் கடைசி வாரத்தில் தேடினால் அதே இருக்கைக்கு நாலு மடங்கு கேட்கும். அந்தக் கடைசி வாரத்தில்தான் பிளேன் நிஜமாகவே கைகொடுக்கிறது. லூட்டனிலிருந்தும் கேட்விக்கிலிருந்தும் சார்ல் து கோலுக்குப் பறக்கும் விமானங்களில் சிலநேரம் ரயிலின் பாதி விலைக்கு இடம் இருக்கும். தனி ஆள், சின்னப் பை, வேலை முடிந்து வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புகிற இளசுகள் தாராளமாக அதில் போகலாம். கைக்குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: யூரோஸ்டாரில் நான்கு வயது ஆகாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம். விமானத்தில் இரண்டு வயது முடிந்ததும் தனி இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிந்தினால் என்ன கிடைக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஒரு முறை என் விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் பிந்தியது, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால், அது நிறுவனத்தின் தவறாகவும் இருந்தால்தான் 220 பவுண் அல்லது 250 யூரோ இழப்பீடு. இருபது நிமிடத்தால் எனக்கு ஒன்றுமில்லை. தேரும் போய்விட்டது, நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் உடைத்த தேங்காய்ச் சிதறலைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரத் தெருவில் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அதற்காக ரயில் பிசகாது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மார்ச்சில் இரண்டுமே விழுந்தன. மார்ச் 7-ஆம் தேதி கார் து நோருக்கு வெளியே பாதையோரம் இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்து அன்றைய யூரோஸ்டார் முழுவதும் நின்றது. இரண்டு வாரத்தில், 21-ஆம் தேதி, துணை மின் நிலையத் தீயால் ஹீத்ரோவையே மூடினார்கள். ஒருநாள் விழாவுக்குப் போகிறவர்கள் எதில் போனாலும் முதல் நாளே போய்விடுங்கள். இதை நான் அந்த ஈரத் தெருவில் கற்றுக்கொண்டேன்.

பஸ்ஸும் காரும் சுருக்கமாக. விக்டோரியாவிலிருந்து இரவு பஸ் எட்டு ஒன்பது மணித்தியாலம், நெரிசல் என்றால் இன்னும் கூட. எல்லையில் நடு இரவில் எழுப்பி இறக்கி ஏற்றுவார்கள். மாணவர்களுக்கு ஓகே, அம்மாவுக்கு வேண்டாம். கார் வேறு விஷயம். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலுக்குள் ஏற்றினால் 35 நிமிடத்தில் கலே, அங்கிருந்து பாரிஸ் 290 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் சுங்கச் சாவடி. கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஐந்து பேர், அரிசி மூட்டை, கத்தி எல்லாம் ஒன்றாகப் போகலாம். ஒல்னே போன்ற புறநகரில் இறங்குகிறவர்களுக்கு ஐந்து பேரென்றால் இதுதான் மலிவு. லாச்சப்பல் தெருவில் தேரன்று கார் நிறுத்த இடம் தேடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சித்தி வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள்.

இந்த வருடத்துக்கு நாங்கள் போட்டிருப்பது இப்படி. அம்மாவும் நானும் சனிக்கிழமை காலை ரயில். அண்ணா குடும்பம் ஐந்து பேரும் காரில். தம்பிக்கு வெள்ளி இரவு வரை வேலை, அவன் மட்டும் முதுகுப்பையோடு லூட்டனிலிருந்து பறக்கிறான். எல்லாவற்றையும் சித்திக்குப் போனில் சொன்னேன். கிலோமீட்டரோ நிமிடமோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினை பேர்?" என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். தம்பி அதற்கு முன்னமே வந்து தூங்கிக்கொண்டிருப்பான் என்பதை மறந்துவிட்டேன், எட்டு.